ராபின் ஹாப், மேகன் லிண்ட்ஹோம்: புதிதாகப் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மந்திரமும் கற்பனை உலகங்களும் நிறைந்த ஃபேன்டஸி கதைகளை எழுதும் அமெரிக்க எழுத்தாளர் ராபின் ஹாப்பின் நாவலை யாரிடமாவது படிக்கக் கொடுத்தால் கொஞ்ச நாளிலேயே கேள்விகள் வந்துவிடும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்துவிட்டேன். கதையின் முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கவில்லை. அந்தந்தக் கதையின் ஆரம்பப் பகுதிகளில் தெரிந்துவிடும் விஷயங்களோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

ராபின் ஹாப்னு நிறையப் பேர் சொல்றாங்களே, யார் அவர்? ஆணா, பெண்ணா?

பெண். இயற்பெயர் மார்கரெட் ஆஸ்ட்ரிட் லிண்ட்ஹோம். கல்யாணத்துக்குப் பிறகு ஓக்டன். 1952-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே குடும்பம் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பதினெட்டு வயதில் திருமணம். கணவர் கடல் தொழில் செய்பவர், அதனால் அலாஸ்காவிலேயே கோடியாக்கில் குடித்தனம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே குழந்தைகள் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுத ஆரம்பித்தவர், பிற்பாடு வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்துவிட்டார்.

‘ராபின்’ என்பது அங்கே ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெயரில் வந்த முதல் மூன்று நாவல்களும் ஒரு பையன் ‘நான்’ என்று தன் வாழ்க்கையைச் சொல்லும் கதை. அட்டையைப் பார்த்ததும் வாசகர் மனத்தில் ஒரு பெண்ணின் குரலோ ஆணின் குரலோ முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று நினைத்தார்.

அப்போ மேகன் லிண்ட்ஹோம் யார்? அவருடைய தோழியா?

அவரும் இவரேதான். இயற்பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்ட முதல் புனைபெயர் அது. 1979-இல் ‘அமேசான்ஸ்!’ என்ற தொகுப்பில் அந்தப் பெயரில் அவருடைய சிறுகதை ஒன்று வந்தது. வாளெடுத்துப் போராடும் பெண்களைப் பற்றிய கதைகளின் தொகுப்பு அது. உலக ஃபேன்டஸி விருதும் பெற்றது. அந்தக் கதையில் வந்த கி, வாண்டியன் என்ற இருவரை வைத்தே 1983-இல் முதல் நாவலான ‘ஹார்பீஸ் ஃப்ளைட்’ வெளியானது.

1983 முதல் 1992 வரை லிண்ட்ஹோம் பெயரில் நாவல்கள் தொடர்ந்து வந்தன. விமர்சகர்கள் மதித்தார்கள், அவருடைய குறுநாவல் ஒன்று ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. ஆனால் பெரிய விற்பனை மட்டும் வரவில்லை.

ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்போது ரெண்டாவது பெயர் எதுக்கு? பழசு ஓடலைன்னு மாத்திட்டாரா?

விற்பனைக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அமெரிக்கப் புத்தகச் சந்தையில் ஓர் எழுத்தாளரின் முந்தைய நாவல் எத்தனை பிரதி போனது என்று பார்த்துத்தான் கடைக்காரர்கள் அடுத்ததை வாங்குவார்கள். ஒரு பெயருக்குச் சுமாரான கணக்கு ஒட்டிக்கொண்டால் அதை உதறுவது கஷ்டம். புதுப் பெயருக்கு அப்படிப்பட்ட பழைய கணக்கு கிடையாது.

ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் அவரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். லிண்ட்ஹோமின் நாவல்கள் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒன்று சியாட்டில் தெருவில் நடக்கும், இன்னொன்று வரலாற்றுக்கு முந்தைய பனிநிலத்தில், வேறொன்று விண்வெளியில். 1995-இல் அவர் கையில் இருந்ததோ அரண்மனை, வாரிசுச் சண்டை, கடற்கொள்ளை எல்லாம் உள்ள பெரிய காவியக் கதை. நடையே வேறு: நிதானமானது, உணர்ச்சியை அடக்கிக்கொள்ளாதது. இரண்டு நடைக்கும் இரண்டு பெயர் இருந்தால், கடையில் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே எந்த மாதிரி கதை என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதில்லை. மனைவியின் பெயரில் எழுதிப் பெரும்புகழ் பெற்றவரைப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஆரம்பத்தில் இரண்டும் ஒருவர்தான் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அப்புறம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஹாப் நன்றாகப் போகிறதே என்று லிண்ட்ஹோமைத் தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. அதைத் தனிக் கேள்வியாகக் கீழே வைத்திருக்கிறேன்.

மொத்தம் எத்தனை புத்தகம்? எங்கே ஆரம்பிக்கணும்?

ஹாப் பெயரில் பெரிய நாவல்கள் 19. அவற்றில் 16 ஒரே உலகத்தில் நடப்பவை. அந்த உலகத்துக்கு ‘ரெல்ம் ஆஃப் தி எல்டர்லிங்ஸ்’ என்று பெயர். வெளியான வரிசை இது: ‘ஃபார்சியர்’ மூன்று (1995–1997), ‘லைவ்ஷிப் டிரேடர்ஸ்’ மூன்று (1998–2000), ‘டானி மேன்’ மூன்று (2001–2003), ‘ரெயின் வைல்ட்ஸ்’ நான்கு (2009–2013), ‘ஃபிட்ஸ் அண்ட் த ஃபூல்’ மூன்று (2014–2017). மீதி மூன்றும் ‘சோல்ஜர் சன்’ என்ற தனி உலகக் கதை.

‘ஃபார்சியர்’ வரிசையின் முதல் நாவலான ‘அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்’ஸில் தொடங்குங்கள். ஆறு வயதுப் பையன் ஒருவனைத் தாத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஒரு காவல் கோட்டையின் வாசலில் விடுகிறார்: இவன் உங்கள் இளவரசருக்குப் பிறந்தவன், இனி சோறு போட வேண்டியது உங்கள் பொறுப்பு என்று. அவனை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் லாயத்துக்கு அனுப்பி நாய்களோடு படுக்க வைக்கிறார்கள். அந்தப் பையன்தான் ஃபிட்ஸ். அந்த வாசற்படியில் தொடங்கும் வாழ்க்கையை வெவ்வேறு வயதுகளில் ஒன்பது நாவல்கள் சொல்கின்றன.

கப்பல் கதை எனக்கு வேண்டாம். ஃபிட்ஸ் கதைகளை மட்டும் படிச்சா போதாதா?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். என் பதில் ஒன்றுதான்: தாண்டாதீர்கள். ‘ஃபார்சியர்’ முடித்ததும் ஃபிட்ஸைப் பிரிய மனம் வராது. அடுத்து வரும் கப்பல் கதையான ‘லைவ்ஷிப் டிரேடர்ஸ்’ஸின் முதல் நாவல் ‘ஷிப் ஆஃப் மேஜிக்’கைத் திறந்தால் அவன் இருக்க மாட்டான், தெரியாத ஊர், தெரியாத மனிதர்கள், ‘நான்’ என்று பேசும் குரலும் இல்லை. முதல் நூறு பக்கம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பிங்டவுன் என்ற துறைமுக நகரத்தின் பழைய வணிகக் குடும்பங்களிடம் உயிருள்ள கப்பல்கள் இருக்கின்றன. விசேஷ மரத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அதன் தளத்திலேயே உயிர்விட்டால், முகப்புச் சிற்பம் கண் திறந்து பேசும். கப்பலை வாங்கிய கடன் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தை நெரிக்கும். அப்பா இறந்ததும் கப்பல் தனக்குத்தான் என்று நம்பியிருந்த ஆல்த்தியா கையில் அது கிடைப்பதில்லை. அதே நகரத்தின் கடற்கரையில் கண்கள் கொத்தப்பட்ட இன்னொரு கப்பல் இழுத்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. தன் ஆட்களைக் கொன்ற கப்பல் என்று அதன் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அதன் பெயர் பாராகன். அதோடு பேச இரண்டொருவரே வருகிறார்கள். ஹாப் படைத்த பாத்திரங்களிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானது அந்தக் கப்பல்தான்.

நடைமுறைக் காரணமும் உண்டு. ‘டானி மேன்’ கதையில் பிங்டவுன் தூதுக்குழு ஃபிட்ஸின் ஊருக்கே வந்து நிற்கும். கப்பல் கதையைத் தாண்டிப் போனவர்களுக்கு அது வெறும் அரசவைக் காட்சி. படித்தவர்களுக்கு, வந்திருப்பவர்கள் எதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரியும், ஃபிட்ஸுக்கோ தெரியாது. அந்த இடத்தின் ருசி அதில்தான் இருக்கிறது. கடைசி மூன்று நாவல்களில் இந்தப் பிணைப்பு இன்னும் இறுகும். நான்கு ‘ரெயின் வைல்ட்ஸ்’ நாவல்களையும் தாண்டினால் அங்கே பல இடங்கள் விளங்காது.

இதுல மந்திரம் எப்படி? ஆளாளுக்கு நெருப்பு வீசுவாங்களா?

அப்படி எதுவும் கிடையாது. ஃபிட்ஸின் நாட்டில் இரண்டு வகை மந்திரம் உண்டு. ஒன்று ‘ஸ்கில்’: மனத்தோடு மனம் பேசுவது, தொலைவில் இருப்பவரின் எண்ணத்தைத் திருப்புவது. அரச வம்சத்தின் பெருமை அது. ஆனால் போதை மாதிரி இழுக்கும், உடம்பை உறிஞ்சும். இளவரசர் வெரிட்டி கோபுரத்தில் உட்கார்ந்து எதிரிக் கப்பல்களை அதன் மூலம் திசைதிருப்புகிறார். நாட்டைக் காப்பாற்றும் அந்த வேலையே அவரை நாளுக்கு நாள் கரைக்கிறது.

இன்னொன்று ‘விட்’: விலங்குகளோடு உயிர்ப் பிணைப்பு. அது இருப்பவர்களை ஊரார் அருவருப்பார்கள், தூக்கில் போட்டு எரிக்கவும் செய்வார்கள். ஃபிட்ஸுக்கு இரண்டும் உண்டு. சிறுவயதில் ஒரு நாய்க்குட்டியோடு அவன் மனம் ஒட்டிக்கொள்கிறது. அவனை வளர்க்கும் பரிச் அதைக் கண்டுபிடித்து நாய்க்குட்டியைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறார். பரிச் கெட்டவர் இல்லை. பையன் மேல் உயிரையே வைத்திருப்பவர், அந்தப் பயத்தில்தான் இப்படிச் செய்கிறார். அந்தப் பிணைப்பு சட்டென்று அறுபடும்போது பையனுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஹாப் எழுதியிருக்கும் விதத்துக்காகவே இரண்டு வகை மந்திரத்தையும் முழுதாக நம்பிவிடலாம்.

வில்லன்கள் எப்படி? ஒரு இருண்ட பிரபு இருப்பாரா?

முதல் கதையில் கடலிலிருந்து சிவப்புக் கப்பல் கொள்ளையர்கள் வருகிறார்கள். அவர்கள் அனுப்பும் மிரட்டலை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு கிராமத்தாரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டுத் தங்கம் கேட்கிறார்கள். பணயத்தொகை வராவிட்டால் பிடித்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். திருப்பி அனுப்புவது எப்படி மிரட்டலாகும் என்று அரண்மனையில் யாருக்கும் புரியவில்லை.

அப்புறம் அவர்கள் திரும்பி வருகிறார்கள். உடம்பில் பெரிய காயம் இல்லை, நினைவும் இருக்கிறது, பெயரும் தெரியும். ஆனால் பாசம், வெட்கம், பயம், பக்கத்து மனிதன் என்ற எண்ணம் எதுவும் இல்லை. சொந்தக்காரர்களையே அடித்துப் பிடுங்குகிறார்கள். அவர்களை என்ன செய்வது என்பதுதான் நாட்டின் முன்னால் நிற்கும் கேள்வி. எந்தப் பிரபுவும் இந்த அளவுக்கு என்னைப் பயமுறுத்தியதில்லை.

ரொம்ப சோகமா இருக்குமாமே? எல்லாரும் அழுதேன் அழுதேன்னு சொல்றாங்க.

அழுகை வரும். ஆனால் சாவுகளை அடுக்கி அழவைக்கும் எழுத்து இல்லை இது. ஹாப்பின் உலகத்தில் நடந்தது எதுவும் அழிந்துபோகாது. ஓர் அத்தியாயத்தில் பட்ட அடி பத்து அத்தியாயம் கழித்தும் வலிக்கும். பதினைந்து வயதில் சொன்ன பொய்க்கு முப்பத்தைந்து வயதில் பதில் சொல்ல வேண்டிவரும். பெரும்பாலான சாகசக் கதைகளில் நாயகன் காயம்பட்டால் அடுத்த காட்சியில் எழுந்து நின்றுவிடுவான். ஃபிட்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் நாவல் முடியும்போது அவன் உடம்பில் ஏற்பட்ட கேட்டை இரண்டாவது நாவல் முழுக்கச் சுமக்கிறான்.

அரசர் ஷ்ரூட் சிறுவன் ஃபிட்ஸின் சட்டையில் சிவப்புக் கல் பதித்த ஒரு வெள்ளி ஊசியைக் குத்திவிடும் காட்சி முதல் நாவலிலேயே வரும். சோறும் துணியும் பயிற்சியும் தருகிறேன், பதிலுக்கு நீ என் ஆள் என்பதுதான் ஒப்பந்தம். பையன் சந்தோஷமாகத் தலையாட்டுகிறான், ஏனென்றால் அவனைத் தனக்கு வேண்டும் என்று சொன்ன முதல் மனிதர் அவர். அந்தச் சின்ன ஊசிக்கு அவன் எவ்வளவு விலை கொடுத்தான் என்பதை அத்தனை பக்கங்களிலும் பார்க்கிறோம். சோகம் என்று வாசகர்கள் சொல்வது இதைத்தான். மகிழ்ச்சியும் அதே அளவு உண்மையாக இருக்கும். ஒரு ஓநாயும் ஒரு மனிதனும் சேர்ந்து வேட்டைக்குப் போகும் பக்கங்களை நான் எத்தனையோ முறை திரும்பப் படித்திருக்கிறேன்.

கதை ஏன் இவ்வளவு மெதுவா போகுது?

மேலே சொன்னதோடு சேர்ந்தது இது. வடு ஆழமாக விழ வேண்டுமானால், அது விழும் வாழ்க்கையை நாம் பழகியிருக்க வேண்டும். அதனால் லாயத்தில் குதிரை தேய்ப்பது, மூலிகை அரைப்பது, சமையலறையில் ரொட்டித் துண்டுக்குக் காத்திருப்பது எல்லாம் விலாவாரியாக வரும். ‘ஃபார்சியர்’ மூன்றாவது நாவலில் பயணம் மட்டும் நீளம் என்று ஒப்புக்கொள்கிறேன். அதை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பது நல்லது.

அலாஸ்காவில் வளர்ந்தது கதையில் தெரியுமா?

நன்றாகத் தெரியும். ஃபேர்பேங்க்ஸில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்கும். டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்கூட இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவருக்குப் பனி என்பது ஜன்னல் வழியே பார்க்கும் அழகு கிடையாது. அவர் பாத்திரங்கள் பனியில் நடக்கும்போது முதலில் விறகையும் காலணியையும் பற்றிக் கவலைப்படுவார்கள். கோடியாக் மீன்பிடிப்பவர்களின் ஊர். கப்பல் கதையில் கயிறும் உப்பும் ஈரத் துணியும் அவ்வளவு இயல்பாக வந்து விழுவதற்கு அந்த வாழ்க்கையே காரணம் என்பேன். அதைவிட முக்கியமாக, கடலுக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டை நடத்தும் பெண்களின் கணக்குவழக்கும் எரிச்சலும் துணிச்சலும் அதில் அப்படியே இருக்கின்றன.

‘சோல்ஜர் சன்’ பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க?

2005 முதல் 2007 வரை வந்த அந்த மூன்று நாவல்களிலும் ஃபிட்ஸும் இல்லை, டிராகனும் இல்லை. எல்லையை விரித்துக்கொண்டே போகும் ஓர் அரசு, காட்டை வெட்டிச் சாலை போடுகிறது. அந்தக் காட்டு மக்களின் மந்திரம் ஒரு சிப்பாய் மகனைப் பிடித்துக்கொள்கிறது. மந்திரம் ஏற ஏற அவன் உடம்பு பெருத்துக்கொண்டே போகும். அவன் நாட்டார் அதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள், காட்டு மக்கள் அதையே மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

நாயகன் நெடுநேரம் தனக்கு நடப்பதைத் தடுக்க முடியாமல் தவிப்பதால் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. நிலத்தைப் பிடுங்குபவன் பக்கத்திலிருந்தே பிடுங்கலைக் காட்டும் துணிச்சல் அதில் உண்டு. ஆனாலும் முதலில் கையில் எடுக்க வேண்டிய புத்தகம் அது இல்லை.

லிண்ட்ஹோம் பெயரில் எதைப் படிக்கலாம்?

‘விசார்ட் ஆஃப் த பிஜன்ஸ்’. 1986-இல் வந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பி சியாட்டில் தெருக்களில் வீடில்லாமல் திரியும் ஒருவன் கதை. புறாக்களுக்குத் தீனி போடுவான். சில நியதிகளைக் கடைப்பிடிக்கும்வரை அவனிடம் மந்திரம் இருக்கும். அது மந்திரமா, போர் அவன் மனத்துக்குச் செய்ததா என்ற சந்தேகம் கடைசிவரை கூடவே வரும். நகரத் தெருவில் நடக்கும் மந்திரக் கதைகள் கடைகளில் குவிவதற்கு வெகுமுன்பே எழுதப்பட்டது. அடுத்து, ‘த ரெயின்டீர் பீப்பிள்’ (1988). மாயம் மிகக் குறைவு. பனிநிலத்தில் ஒரு வைத்தியக்காரியும் எல்லாரும் விசித்திரமாகப் பார்க்கும் அவள் மகனும் பிழைக்கும் கதை.

ஹாப் ஜெயிச்ச பிறகும் லிண்ட்ஹோம் எழுதறாரா?

எழுதினார். 2011-இல் வந்த ‘தி இன்ஹெரிட்டன்ஸ்’ தொகுப்பின் அட்டையில் இரண்டு பெயர்களும் இருக்கும். உள்ளே லிண்ட்ஹோமின் ஏழு கதைகள், ஹாப்பின் மூன்று. ஏழும் மூன்றும் கிட்டத்தட்ட சமமான இடத்தைப் பிடித்துக்கொள்வதிலேயே நடை வித்தியாசம் தெரிந்துவிடும். 2013-இல் ‘டேஞ்சரஸ் விமென்’ தொகுப்பில் வந்த ‘நெய்பர்ஸ்’ லிண்ட்ஹோம் கதை. வயதான ஒரு பெண், அவள் நினைவை நம்பாத பிள்ளைகள், பனிமூட்டத்தில் தெரியும் இன்னொரு தெரு. ஹாப் பெயரில் இந்தக் கதையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. மேலே மூன்றாவது பதிலில் நடை பற்றிச் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஃபூல் ஆணா பெண்ணா? நீங்களாவது சொல்லுங்க.

ஃபூல் என்பது அரசர் ஷ்ரூட்டின் அவைக் கோமாளி. வெளிறிய தோல், புதிர் பேச்சு, எதிர்காலத்தைத் துண்டு துண்டாகக் காணும் திறன். ஃபிட்ஸ் ‘அவன்’ என்கிறான். வேறொரு பாத்திரம் அடித்துச் சொல்லும் ‘அவள்’ என்று. ஹாப் எங்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஃபூலும் தன் வாயால் சொல்வதில்லை. அந்தக் கேள்வி ஃபிட்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப்படுகிறது என்பதில்தான் கதை ஓடுகிறது. இரண்டுக்கும் பொருந்தும் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்ட எழுத்தாளரிடம் (முதல் பதிலைப் பாருங்கள்) வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? நான் சொல்வதாக இல்லை.

அவர் பாத்திரங்களை வச்சு ரசிகர்கள் கதை எழுதினா அவருக்குப் பிடிக்காதாமே?

ஆமாம், பிடிக்காது என்று வெளிப்படையாகவே எழுதியவர் அவர். பல ரசிகர்களுக்கு வருத்தம்தான். நான் அவர் பக்கம். ஒரு பாத்திரத்துக்கு நடந்ததை மாற்றவே முடியாது என்ற அடித்தளத்தில் 16 நாவல் கட்டியவர், வேறு முடிவு எழுதிப் பார்ப்பதை ரசிக்காதது எனக்குப் புரிகிறது.

பெரிய விருது எதுவும் வாங்கியிருக்காரா?

2021-இல் வாழ்நாள் சாதனைக்கான உலக ஃபேன்டஸி விருது. ‘அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்’ 2022 முதல் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தில் காமிக்ஸாகவும் வரத் தொடங்கியது. நாவலைப் படித்துவிட்டு அதைப் பாருங்கள். ஓநாயும் கோட்டையும் முதலில் உங்கள் மனத்தில் உருவாகட்டும்.

அடுத்த புத்தகத்தோட பின்னட்டையைப் படிச்சா தப்பா?

படிக்காதீர்கள். யார் உயிரோடு இருக்கிறார், யார் யாரோடு வாழ்கிறார், எத்தனை வருடம் கடந்துவிட்டது என்பதை ஒவ்வொரு தொடரின் பின்னட்டையும் முதல் வரியிலேயே சொல்லிவிடும். ‘டானி மேன்’, ‘ஃபிட்ஸ் அண்ட் த ஃபூல்’ இரண்டும் இதில் மோசம். வரிசையை மேலே நான்காவது பதிலில் கொடுத்திருக்கிறேன். அதைக் குறித்துக்கொண்டு நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.